பக்கத்து வீட்டு ஆடு

திங்கள்

மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஊர் பெயர் டிராய், டெட்ராய்ட்டுக்கு வடக்கே அரை மணி நேரம். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு தூக்கம், சாயங்காலம் மறுபடி ஒரு நடை. என்னைப் போலப் பிள்ளைகளைப் பார்க்க வந்த நாலு அப்பாக்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். பயணக் கட்டுரை எழுதும்படி எதுவும் நடக்கவில்லை, இன்று காலை வரை.

குப்பைத் தொட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனபோது ஒரு வாசனை வந்தது. முழுசாக எரியாத பெட்ரோல் வாசனை. இப்போது வருகிற வண்டி எதிலும் அது கிடையாது. கார்ப்பரேட்டர் வைத்த பழைய இன்ஜின் காலைக் குளிரில் முக்கி முனகிக் கிளம்பும்போது மட்டும் வரும். அப்பா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். அந்த வாசனையோடுதான் நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு கராஜ் வாசலில் போய் நின்றேன்.

பெரியவருக்கு 78 வயது. இத்தனை நாளாக ஒரு ‘ஹலோ’வைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. என் மூக்கு விடைத்ததைப் பார்த்தாரோ என்னவோ, "உள்ளே வாருங்கள், என் ஆட்டைப் பாருங்கள்" என்றார். நான் நிஜ ஆடு என்றே நினைத்தேன். இங்கே கொல்லையில் கோழி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆடும் இருக்கலாமே.

உள்ளே நின்றது 1966 பான்டியாக் ஜிடிஓ. கருநீலம். முன்னால் இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய விளக்குகள். பானட்டுக்குக் கீழே 389 கன அங்குல வி-8 இன்ஜின். நம் கணக்கில் கிட்டத்தட்ட 6.4 லிட்டர். எங்கள் அம்பாசடர் ஒன்றரை லிட்டர். அதில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போயிருக்கிறோம் என்பது வேறு விஷயம். ஜிடிஓ என்ற மூன்று எழுத்தையும் புரட்டிப் போட்டு நடுவில் ஒன்றைச் செருகினால் ஆங்கிலத்தில் ‘ஆடு’ வரும். அதனால் இந்த வண்டிக்கு அமெரிக்கா முழுக்க அதுதான் செல்லப்பெயர்.

ஆட்டின் பிறப்பே கொஞ்சம் திருட்டுத்தனமானது. நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் விதி போட்டிருந்தது. அந்தக் கம்பெனியின் ஒரு பிரிவான பான்டியாக்கின் தலைமை இன்ஜினியராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புது வண்டி என்று சொன்னால்தானே விதி? டெம்பஸ்ட் என்ற சாது வண்டியில் ‘வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்’ என்கிற பட்டியலில் இந்தப் பெரிய இன்ஜினைச் செருகி, 1964இல் விற்றுவிட்டார்கள். விற்பனையைப் பார்த்த பிறகு மேலிடம் வாயைத் திறக்கவில்லை. 1966இல் மட்டும் 96,946 போயிருக்கிறது.

பெரியவர் ஒரு கார் கிளப்பில் உறுப்பினர். பழைய அமெரிக்க வண்டி வைத்திருக்கிற நாற்பது சொச்சம் பேர். இந்த வாரம் அவர்களுக்குத் திருவிழா வாரம். ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டு சாலையில் டிரீம் குரூஸ் என்கிற பழைய வண்டிகளின் ஊர்வலம். அதற்கு முன்னும் பின்னும் தினம் ஒரு நிகழ்ச்சி. அவர் மனைவி போன வருஷம் இறந்துவிட்டாராம். பக்கத்து சீட் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்றார். மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை. அங்கேயே சரி என்றுவிட்டேன்.

ஒரு சின்னச் சட்ட விஷயம், எனக்குப் பிடித்தது. மிச்சிகனில் 25 வயதைத் தாண்டிய வண்டிக்கு ‘ஹிஸ்டாரிக்’ என்று தனி நம்பர் பிளேட் வாங்கலாம், கட்டணம் குறைவு. ஆனால் கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சி என்று போகத்தான் அதை வெளியே எடுக்கலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு, பால் வாங்கக்கூட எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு மாநிலமே சட்டம் போட்டு வண்டிகளுக்கு ஒரு மாதம் விடுமுறை விட்டிருக்கிறது.

செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கடைத்தெருவின் பார்க்கிங்கில் கூட்டம். இதற்கு ‘குரூஸ்-இன்’ என்று பெயர். வந்து வண்டியை நிறுத்த வேண்டியது, பானட்டைத் தூக்க வேண்டியது, டிக்கியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து வண்டிக்குப் பின்னால் போட்டு உட்கார வேண்டியது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. இன்ஜினை உறும விடக் கூடாது என்று நுழைவில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

குதிரைசக்தியைப் பற்றி வாதம் நடக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். பேச்செல்லாம் முழங்கால் ஆபரேஷன். எந்த டாக்டர், எத்தனை நாளில் கிளட்ச் மிதிக்க முடிந்தது. இடது முழங்கால் என்றால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று ஒருவர் சொல்ல, ஆட்டோமேட்டிக்காரர் ஒருவர் சிரித்தார். அவரை யாருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

சிவப்பு வெள்ளையில் ஒரு 1957 செவ்ரோலெட் பெல் ஏர். அதன் சொந்தக்கார அம்மாவுக்கு ஒரு விளையாட்டு உண்டாம். புதிதாக வருகிறவர் பெட்ரோல் டேங்க் மூடியைக் கண்டுபிடிக்க வேண்டும், முடியாவிட்டால் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும். எனக்கென்ன, டாக்சிக்காரர் மகன். இரண்டு பக்கமும் சுற்றினேன், இல்லை. பெரியவரின் ஜிடிஓவில் நம்பர் பிளேட்டை மடக்கினால் பின்னால் இருக்கிறது, அதனால் பிளேட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. விளக்கைத் திருகிப் பார்த்தேன். அந்த அம்மா வந்து, இடது பக்க வாலிறகின் ஓரத்தில் செங்குத்தாக ஓடுகிற குரோமியப் பட்டையை ஒரு விரலால் இழுத்தார். கதவு மாதிரித் திறந்தது. உள்ளே மூடி. மூடிய பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன், இணைப்பே தெரியவில்லை. ஐஸ்கிரீம் 6 டாலர்.

வாலிறகு என்றேனே, அதற்கும் கதை இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், பி-38 என்ற இரட்டை வால் போர் விமானத்தைப் பார்த்து மயங்கி, 1948 கேடிலாக்கின் பின்பக்கத்தில் சின்னதாக இரண்டு மேடு வைக்கச் சொன்னார். அது வருஷா வருஷம் வளர்ந்து 1959இல் உச்சம். அந்த 59 கேடிலாக் ஒன்று ரோஜா நிறத்தில் நின்றது. நீளம் 225 அங்குலம், கிட்டத்தட்ட 19 அடி. எங்கள் தெருவில் அதைத் திருப்ப வேண்டுமென்றால் இரண்டு வீட்டுத் திண்ணையை இடிக்க வேண்டும். எனக்கு அது அழகாகப் படவில்லை, சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டப வாசல் வளைவு மாதிரி இருந்தது.

ஓர் ஓரத்தில் மூடிய டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி ஒன்று. சக்கரத்தில் தூசி இல்லை. அடியில் கண்ணாடி வைத்து வயிற்றையும் காட்டியிருந்தார் சொந்தக்காரர். இந்த மாதிரி வண்டிகளை ‘டிரெய்லர் ராணி’ என்கிறார்கள். மரியாதையாகச் சொல்கிற பெயர் இல்லை. பெரியவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. "அவர்தான் ஞாயிற்றுக்கிழமை நடுவர்" என்று மட்டும் சொன்னார்.

புதன்

கிளப் சுற்றுலா. பதினோரு பழைய வண்டிகள் வரிசையாக டெட்ராய்ட் நகரத்துக்குள். சிக்னலில் வரிசை அறுந்தால் முன்னால் போனவர் ஓரம் கட்டி நிற்க வேண்டும் என்பது விதி. நகரத்து ஜனங்கள் கையாட்டுகிறார்கள். நானும் ஆட்டினேன், முதலில் கூச்சத்தோடு, அப்புறம் மந்திரி மாதிரி.

பிக்கெட் அவென்யூ ஆலை. 1904இல் ஃபோர்டு கட்டியது. மூன்று மாடிச் செங்கல் கட்டடம், பஞ்சாலை மாதிரி நீளமாக, வரிசை வரிசையாக ஜன்னல்கள். 1908இல் மாடல் டி பிறந்தது இங்கேதான். மூன்றாவது மாடியின் மூலையில் ஓர் அறையைத் தடுத்து, அதற்குள் யாரையும் விடாமல் அந்த வண்டியை வரைந்திருக்கிறார்கள். மரத்தரை. நூறு வருஷத்துக்கு மேலான எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. முதல் 12,000 மாடல் டி இங்கே செய்ததுதான்.

மாடல் டியை ஓட்டும் விதத்தைத் தன்னார்வலர் ஒருவர் காட்டினார். காலுக்கு மூன்று பெடல். நம் பழக்கத்துக்கு கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று நினைப்போம். இல்லை. வலது ஓரத்தில் இருப்பது பிரேக். நடுவில் இருப்பது ரிவர்ஸ். இடது பெடலை முழுசாக அமுக்கினால் முதல் கியர், பாதியில் பிடித்தால் நியூட்ரல், விட்டுவிட்டால் மேல் கியர். ஆக்சிலரேட்டர் கையில், ஸ்டீரிங்குக்குக் கீழே வலது பக்கக் குச்சி. இடது பக்கக் குச்சி தீப்பொறி நேரத்தை முன்பின் மாற்ற. பெட்ரோல் பம்ப் கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கிற டேங்கிலிருந்து தானாக வடிந்து வர வேண்டும். அதனால் செங்குத்தான மேட்டில் எண்ணெய் ஏறாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்களாம். கொடைக்கானல் மலையை அப்படி ஏறிப் பார்ப்பதாக யோசித்தேன், கழுத்து வலித்தது.

மத்தியானம் டவுன்டவுனில் கோனி டாக் கடை. இறைச்சிக் குழம்பு ஊற்றிய ஹாட் டாக்தான் கோனி டாக். இரண்டு பிரபலக் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கின்றன, கிளப்பே இரண்டாகப் பிரிந்து இரண்டிலும் நுழைந்தது. மாட்டிறைச்சி என்பதால் எனக்கு உருளைக்கிழங்கு வறுவல். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

திரும்பும்போது உட்வர்டு சாலையிலேயே ஹைலேண்ட் பார்க். 1910இல் ஃபோர்டு பிக்கெட்டிலிருந்து இங்கே மாறினார். 1913இல் நகரும் வரிசை வந்தது, ஆட்கள் நின்ற இடத்தில் நிற்க வண்டி அவர்களிடம் நகர்ந்து வரும். ஒரு வண்டியின் சேஸியைப் பூட்ட முன்பு 12½ மணி நேரம், அதன் பிறகு 93 நிமிஷம். 1914இல் நாள் கூலி 5 டாலர் என்று அறிவித்தார்கள். ஆலையின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. முன்னால் ஒரு கடைவரிசை, அதன் பெயர் மாடல் டி பிளாசா.

பெரியவர் அங்கே இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, 93 நிமிஷம் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த வரிசையில் நின்று பார்த்தால்தான் தெரியும் என்றார். அப்புறம் சொன்னார். 1966 பிப்ரவரியில், 19 வயதில், பான்டியாக் நகர ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ரேடியேட்டர் ஹோஸை மாட்டி, அதன் மேல் கிளாம்பைப் போட்டுத் திருகுவது அவர் வேலை. ஒரு வண்டி போனால் அடுத்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் தூக்கி, கண்ணாடிக்குக் கீழே அடித்திருக்கிற சின்னத் தகட்டைக் காட்டினார். எந்த ஆலை என்பதற்கான மூன்றெழுத்து, பான்டியாக். மேலே 04சி என்ற குறி. ஏப்ரல் மாதம் மூன்றாவது வாரம். "இது நான் பூட்டிய வண்டியா?" என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். "பகல் ஷிப்ட் என்றால் நான். ராத்திரி என்றால் வேறு ஒருத்தன். தகட்டில் ஷிப்ட் போடவில்லை."

வியாழன்

இன்று ஒரு சம்பவம்.

சனிக்கிழமை கிளப்பின் கூடாரம் எங்கே என்று பார்த்து வரலாம் என்று மதியம் கிளம்பினோம். ஊரே அதே நினைப்பில் கிளம்பியிருந்தது. சனிக்கிழமைதான் விழா, ஆனால் திங்களிலிருந்தே உட்வர்டில் ஒத்திகை. நல்ல வெயில். ஊர்ந்து ஊர்ந்து மிருகக்காட்சிசாலையின் தண்ணீர்த் தொட்டி தெரிகிற இடம் வந்ததும் ஆடு இரண்டு முறை இருமியது, மூன்றாவது முறை படுத்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நாலு இளைஞர்கள் தள்ளி ஓரத்தில் விட்டார்கள்.

பானட்டைத் தூக்கியதும் பார்த்தேன். பெட்ரோல் குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப் மூன்று வரிசையாகக் குத்தியிருந்தது. சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதற்கு இவர்கள் ஊர்க் கைவைத்தியம் இது. மரம் சூட்டை இழுக்கும் என்று நம்பிக்கை. வேலை செய்கிறதா என்றேன். "வேலை செய்தால் இங்கே நிற்போமா?" என்றார். இப்போதைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் வேறு, இன்னும் சீக்கிரம் கொதிக்கிறது என்று புலம்பினார்.

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ஏர் லாக். சித்திரை மாதத்தில் வத்தலக்குண்டு தாண்டினால் அம்பாசடர் நின்றே தீரும். அப்பா டிக்கியில் எப்போதும் ஒரு பழைய துண்டும் ஒரு கேன் தண்ணீரும் வைத்திருப்பார். துண்டை நனைத்துப் பிழிந்து பெட்ரோல் பம்ப்மேல் சுற்றுவார். ஒரு பீடி முடிகிற நேரம். வண்டி கிளம்பிவிடும்.

துண்டு இருக்கிறதா என்று கேட்டேன். வண்டி துடைக்கிற துணி இருந்தது. ஐஸ் பெட்டியில் தண்ணீர் இருந்தது. இன்ஜினுக்கு முன்பக்கம் கீழே கையை விட்டு, சட்டைக் கை கருப்பாக, பம்ப்மேல் துணியைச் சுற்றினேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிஷம் கழித்துத் துணியை இன்னொரு முறை நனைத்தேன். அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் முனையில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. கிளாம்ப் தளர்ந்திருந்தது. சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, ஸ்க்ரூடிரைவர் வாங்கி, கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸை ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, மறுபடி முறுக்கினேன். கைக்கு எட்டின பக்கம் திருகின் தலையை வைத்து முறுக்கினேன். அது கடைசியில் பேட்டரியைப் பார்த்தபடி நின்றது. இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

சாவியைத் திருப்பினார். ஒரே சுற்று. பிடித்துக்கொண்டது.

வீடு வரும் வரை அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது, "உங்கள் அப்பாவின் வண்டி என்ன ஆயிற்று?" என்று கேட்டார். விற்றோம், பழைய இரும்பு விலைக்கு, 1998இல். அதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளி

நாள் முழுக்கத் துடைத்தல். பல் துலக்கும் பிரஷால் கிரில். எனக்குச் சக்கரங்கள். மனைவி எட்டிப் பார்த்து, ஊரில் ஒரு நாள் பைக்கைத் துடைத்திருப்பீர்களா என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

சாயங்காலம் உட்வர்டு ஓரம் நாற்காலி போட்டபோது பெரியவர் ‘கருப்புப் பேய்’ கதை சொன்னார். இந்தச் சாலையில் அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் ராத்திரி சிக்னலுக்கு சிக்னல் பந்தயம் நடக்கும். ஒரு கருப்பு 1970 டாட்ஜ் சேலஞ்சர் எங்கிருந்தோ வரும், ஜெயிக்கும், போய்விடும். ஓட்டுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் காட்ஃப்ரி குவால்ஸ், டெட்ராய்ட் போக்குவரத்து போலீஸ்காரர். பகலில் இதே குற்றத்துக்குச் சீட்டு எழுதுகிறவர். பிற்பாடு வண்டி பல வருஷம் கராஜில் தூங்கி, மகன் கைக்கு வந்து, 2020இல் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. 2023இல் ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்றேன். "இந்த ஊரில் என் வயசுக்காரன் எல்லோரும் பார்த்ததாகத்தான் சொல்வான். அன்றைக்கு அத்தனை பேர் நின்றிருந்தால் சாலையில் வண்டிக்கு இடம் இருந்திருக்காது."

சனி

காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். துண்டும் தண்ணீர்க் கேனும் டிக்கியில். அவரே எடுத்து வைத்திருந்தார்.

உட்வர்டு டிரீம் குரூஸ் என்பது ஒரு கால்பந்து மைதானத்துக்காக ஆரம்பித்தது. ஃபெர்ன்டேல் ஊரைச் சேர்ந்த நெல்சன் ஹவுஸ் என்ற பிளம்பரும் அவர் நண்பர்களும் பிள்ளைகளுக்கு மைதானம் போடப் பணம் திரட்ட, பழைய வண்டிக்காரர்களை ஒரு நாள் கூப்பிடலாம் என்று 1995 ஆகஸ்டில் ஏற்பாடு செய்தார்கள். வந்தது இரண்டரை லட்சம் பேர். இப்போது ஃபெர்ன்டேலில் தொடங்கி பான்டியாக் வரை 16 மைல். கூட்டம் பத்து லட்சம், பழைய வண்டிகள் நாற்பதாயிரம் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்கு சொல்கிறார்கள். நான் எண்ணவில்லை. ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போய் ஆற்றில் நெரிபட்டிருக்கிறேன், எனக்குக் கூட்டம் தெரியும். இது கூட்டம்தான்.

மேடை இல்லை, கொடி காட்டுகிற மந்திரி இல்லை. சாலைதான் விழா. நடுவில் அகலமான புல் திட்டு. இங்கே சந்திப்புகளில் நேராக இடது பக்கம் திரும்ப முடியாது. தாண்டிப் போய் திட்டின் இடைவெளியில் யு-டர்ன் அடித்து வர வேண்டும். மற்ற நாளில் எரிச்சல். இன்றைக்கு அதுவே வசதி. வடக்கே போவது, திட்டில் திரும்புவது, தெற்கே வருவது, மறுபடி திரும்புவது. தேர் நாலு வீதி சுற்றுகிற மாதிரி நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். வேகமும் தேர் வேகம்தான். 335 குதிரைசக்தி இன்ஜின், மணிக்கு எட்டு மைல்.

ஓரங்களில் நாலு அடுக்காக நாற்காலிகள். முன் வரிசையில் இடம் பிடிக்க ராத்திரியே வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், ரேஷன் கடையில் கல் வைக்கிற மாதிரி. ஆட்டைப் பார்த்ததும் "கோட்!" என்று கத்துகிறார்கள். ஒருவர் ஓடி வந்து ஜன்னலில் தலையை நீட்டி, என் அண்ணன் வியட்நாம் போவதற்கு முன்னால் இதே நீலத்தில் ஒன்று வைத்திருந்தான் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அந்த மாதிரி அன்றைக்கு ஏழெட்டுப் பேர். அண்ணன், அப்பா, சித்தப்பா, விட்டுப்போன காதலி. வண்டியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தங்களிடம் இருந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியவர் எல்லோருக்கும் ஒரே பதில், "நல்ல நிறம்."

ஃபெர்ன்டேலில் ஒன்பதாம் மைல் சாலை முழுக்க மஸ்டாங்குகள், ஃபோர்டுக்காரர்கள் இடம். எங்கள் வண்டி ஜெனரல் மோட்டார்ஸ் பிள்ளை என்பதால் சாதிக்கட்டுப்பாடு மாதிரி அந்தப் பக்கம் திரும்பாமல் வந்தோம். எல்லாமே பழசு இல்லை. புதுசாக வாங்கி நேற்று மெழுகு போட்டவர்களும் வரிசையில் நுழைந்துவிடுகிறார்கள். சத்தமே போடாமல் ஊர்கிற மின்சார வண்டிகள் வேறு. பாதி நேரம் முன்னால் நகர்ந்தது ஒரு வாடகை வேனின் பின்பக்கம், அதையும் சொல்ல வேண்டும்.

பர்மிங்ஹாம் ஊரில் மகளும் மனைவியும் புளியோதரையோடு காத்திருந்தார்கள். பெரியவர் ஸ்பூனால் எடுத்து, வேர்க்கடலையைத் தனியாகப் பொறுக்கித் தின்றார். பக்கத்தில் காரைக்குடிக்காரர் ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகளோடு. அவர் இங்கே வண்டிக் கம்பெனியில் இன்ஜினியர். என் வண்டியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி சபலம். அவருடைய பாட்டி எந்தக் காரைப் பார்த்தாலும் ‘பிளஷர்’ என்றுதான் சொல்வாராம். எங்கள் அப்பத்தாவும் அப்படித்தான், ‘பிளஷர் வந்திருக்கு’ என்பாள். ஆங்கிலத்தில் அதற்கு இன்பம் என்று அர்த்தம் என்பதே எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும். அந்தச் சொல்லை இங்கே மொழிபெயர்த்துச் சொன்னேன். பெரியவருக்கு அது பிடித்துப்போயிற்று, மீதி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மதியம் மூன்று மணிக்கு வண்டிச் சூடு ஏறி முள் நடுங்கியது. நிற்பதற்கு முன்னாலேயே ஓரம் கட்டி, ஈரத்துணி. இந்த முறை அவரே சுற்றினார். பக்கத்தில் நின்றிருந்த செவ்ரோலெட்காரர் வந்து என்ன இது என்று கேட்க, "திண்டுக்கல்" என்றார். ஊர் பெயரை அவர் வாயில் கேட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது.

கடைசியாக பான்டியாக் வரை போனோம். அந்த ஊரில் கருமாரியம்மன் இருக்கிறாள், பராசக்தி கோயில். போன மாதம் மகளோடு போயிருந்தேன். இன்று நேரம் இல்லை. பெரியவர் வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலை எந்தப் பக்கம் என்றேன். கையைக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் 2010இல் பான்டியாக் என்ற பெயரையே மூடிவிட்டது. ஊருக்கு மட்டும் அந்தப் பெயர் மிச்சம்.

ஞாயிறு

கிளப்பின் சொந்தக் கண்காட்சி. ஒரு பூங்காவின் புல்வெளியில் முப்பது வண்டிகள். இங்கே மதிப்பெண் உண்டு. 1935இல் தொடங்கிய அமெரிக்கப் பழைய வாகனச் சங்கத்தில் 400 மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. வெளிப்பக்கம், உள்பக்கம், இன்ஜின், அடிச்சட்டம் என்று பிரித்து, குறைக்குக் குறை கழித்துக்கொண்டே வருவார்கள். அதைப் பார்த்து இவர்களும் ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறார்கள். அடிப்படை விதி ஒன்றுதான்: ஆலையிலிருந்து வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். அதைவிடப் பளபளப்பாக்கினாலும் கூடுதல் மதிப்பெண் கிடையாது.

நடுவர் டிரெய்லர் ராணிக்காரர். மோசமான மனிதர் இல்லை. டார்ச், அட்டை, முட்டிக்கு ஒரு ரப்பர் மெத்தை. ஜிடிஓவுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பின்பக்க பம்பரில் ஒரு கீறலுக்கு அரை. சீட்டுத் தையலுக்கு ஒன்று. அப்புறம் பானட்டுக்குள் குனிந்தவர், ரேடியேட்டர் ஹோஸிடம் நின்றார்.

கிளாம்ப் சரியான ரகம்தான், கோபுர கிளாம்ப், அந்தக் காலத்து ஆலையில் போட்டதே என்று முதலில் பாராட்டினார். ஆனால் திருகின் தலை தப்பான பக்கம் பார்க்கிறது. ஆலையில் அதை மேல்நோக்கி வைப்பார்கள். பேட்டரியைப் பார்த்து வைக்க மாட்டார்கள். ஒரு மதிப்பெண் கழிவு.

எனக்கு உள்ளே திக்கென்றது. அது நான் திருகியது. வாயைத் திறந்தேன். பெரியவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"மேல்நோக்கி வைப்பார்கள் என்று யார் சொன்னது?" என்று நடுவரைக் கேட்டார்.

புத்தகத்தில் இருக்கிறது, கம்பெனியின் பூட்டுதல் கையேட்டில் படம் இருக்கிறது என்றார் அவர். போனில் எடுத்தும் காட்டினார். உண்மைதான், படத்தில் திருகு மேலே பார்க்கிறது.

"அந்தப் படத்தை நாங்கள் பார்த்ததே இல்லை" என்றார் பெரியவர். "கை எங்கே எட்டியதோ அந்தப் பக்கம்."

நடுவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்கும் தர்மசங்கடம், பார்க்கத் தெரிந்தது. இவர் அங்கே வேலை பார்த்தவர் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாளில் இருப்பது கையேடு, கை இல்லை. மன்னிப்புக் கேட்கிற குரலில், விதியை நான் மாற்ற முடியாதே என்றார். ஒன்று கழித்ததைக் கழித்ததாகவே எழுதினார்.

முதல் பரிசு பெல் ஏர் அம்மாவுக்கு. எங்களுக்கு அந்த வகுப்பில் மூன்றாமிடம். இரண்டாமிடத்துக்கும் எங்களுக்கும் வித்தியாசம் அரை மதிப்பெண். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் உண்மையைச் சொன்னேன், அது என் வேலை, வியாழக்கிழமை நான்தான் அப்படித் திருகினேன் என்று. தெரியும் என்றார். வீட்டுக்குப் போனதும் ஸ்க்ரூடிரைவர் கொடுங்கள், நேராக்கி வைக்கிறேன் என்றேன்.

கராஜில் வண்டியை விட்டு, சூடு ஆறப் பானட்டைத் திறந்து வைத்தார். துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார், பெட்ரோல் குழாயிலிருந்து கழற்றிய மரக் கிளிப்பையே அதற்குக் குத்தினார். கிளாம்பை நான் நீட்டிக் காட்டியபோது, "கசிகிறதா?" என்று மட்டும் கேட்டார்.

கசியவில்லை.

"அப்புறம் என்ன" என்றார். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு மறுபடி பார்க்கிங்கில் கூடுகிறார்கள்.